ஒரு பக்கம் வளராத மார்பகம்: அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நான் தெரிந்துகொண்டவை

பெண்களின் இரண்டு மார்பகங்களும் துல்லியமாக ஒரே அளவில் இருப்பது அபூர்வம். கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும், உடை போட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. என் விஷயம் அந்தக் கணக்கில் வரவில்லை. வலது பக்கம் மற்றவர்களைப் போலவே வளர்ந்தது. இடது பக்கம் பருவம் எய்திய புதிதில் எப்படி இருந்ததோ, அதற்கு மேல் பெரிதாக வளரவே இல்லை. வடிவமும் வேறு. அடிப்பாகம் குறுகலாக, கீழ்ப்புறம் நிரம்பாமல் சப்பையாக, முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மட்டும் அகன்று உப்பி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும்.

இதை வீட்டில் சொல்வதற்கே பல வருடங்கள் ஆயின. "குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார் அம்மா. அக்கா ஏதோ எண்ணெய் தடவச் சொன்னாள். இரண்டும் அன்பில் சொன்னவைதான், ஆனால் இரண்டாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. கிரீம், எண்ணெய், மசாஜ் எதுவும் மார்பகத் திசுவை வளர்க்காது. உடற்பயிற்சி செய்தால் மார்பகத்துக்கு அடியில் இருக்கும் நெஞ்சுத் தசை பெருக்கும், அவ்வளவுதான். இதில் ஏற்கெனவே பணம் செலவழித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதுவரை சமாளித்தது பிராவுக்குள் வைக்கும் சிலிக்கான் பேடால். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்காகத் தயாரிக்கும் கடைகளில், பாதி அளவு பேடும் கிடைக்கும். பை வைத்துத் தைத்த பிராவில் போட்டால் நகராது. கத்தியே வேண்டாம், இதுவே போதும் என்று வாழ்நாள் முழுக்க நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. எனக்கு அது வெளியுலகத்துக்குப் போதுமானதாக இருந்தது, கண்ணாடிக்குப் போதவில்லை.

இந்த வடிவத்துக்கு ட்யூபரஸ் பிரெஸ்ட் என்று பெயர். 1976-ல் ரீஸ், ஆஸ்டன் என்ற இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதே பெயரில் மருத்துவ இதழ் ஒன்றில் விவரித்திருக்கிறார்கள். கருவளையத்தைச் சுற்றி, மார்பகத்தின் அடியில், இறுக்கமான நார்த்திசு ஒரு வளையமாக இருந்துவிடுகிறது. பருவ வயதில் திசு பக்கவாட்டிலும் கீழேயும் பரவ வேண்டிய நேரத்தில் அந்த வளையம் விடாது. சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டியதுபோல. பரவ வழியில்லாத திசு, இருப்பதிலேயே பலவீனமான இடமான கருவளையத்தின் வழியாக முன்னால் பிதுங்குகிறது. சிலருக்குக் கீழ்ப்புறத்தின் உள்பக்கம் மட்டும் நிரம்பாமல் இருக்கும், சிலருக்குக் கீழ்ப்பாதி முழுவதும், கடுமையான நிலையில் நான்கு பக்கமும். ஒரு மார்பகத்தில் மட்டும் வரலாம், இரண்டிலும் வரலாம். இறுக்கமான பிரா போட்டதால், குப்புறப் படுத்ததால் வந்ததில்லை.

மார்பக வேறுபாடு எல்லாமே இந்த வகை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நெஞ்சுத் தசையின் ஒரு பகுதியே பிறவியில் இல்லாமல் போகும் போலண்ட் சிண்ட்ரோம் இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது நெஞ்சில் தீக்காயமோ அறுவை சிகிச்சையோ பட்டு, பின்னாளில் மார்பகமாக வளர வேண்டிய மொட்டு சிதைந்திருக்கலாம். முதுகெலும்பு வளைந்திருந்தால், மார்பகங்கள் சமமாக இருந்தும் விலாக்கூடு திரும்பி ஒரு பக்கம் சின்னதாகத் தெரியும். காரணத்தைப் பொறுத்து அறுவை சிகிச்சையும் மாறும். இன்னொன்று, இதில் விளையாடக் கூடாது: இத்தனை வருடம் சமமாக இருந்த மார்பகம் திடீரென்று ஒரு பக்கம் மாறினாலோ, கட்டி, தோல் குழிவு, காம்பு உள்ளிழுப்பு என்று ஏதாவது தெரிந்தாலோ பிளாஸ்டிக் சர்ஜனிடம் போகாதீர்கள். முதலில் மார்பகப் பரிசோதனைக்குப் போங்கள்.

நான் முதலில் பார்த்த சர்ஜன் என் இடது பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து ஒரு சிலிக்கான் இம்பிளான்ட்டை, அதாவது மார்பகத்துக்குள் வைக்கும் பையை, எடுத்து என் கையில் வைத்தார். மெத்தென்று இருந்தது. "இதில் எந்த சைஸ் வேண்டும் என்று யோசித்து வைங்க" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. அளவெடுக்கவே இல்லை. அப்போது அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாவதாக ஒரு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது.

அவர் முதலில் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகெலும்பைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து அழுத்தச் சொல்லி, அக்குளுக்கு முன்னால் விரல் வைத்து நெஞ்சுத் தசை இறுகுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். அப்புறம் டேப். கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரை, காம்பிலிருந்து மார்பகத்தின் அடிமடிப்பு வரை, அடிப்பாகத்தின் அகலம், கருவளையத்தின் விட்டம், இரண்டு பக்கமும். ஒவ்வொன்றையும் செவிலியர் எழுதிக்கொண்டே வந்தார். இடது பக்க மடிப்பு வலதைவிட நன்றாகவே மேலே இருந்தது. பத்து வருடங்களுக்கு மேல் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை.

"சின்னதா இருக்கறது இங்க முதல் பிரச்சினை இல்லம்மா" என்றார். "கீழே தோல் போதாது, மடிப்பு மேலே இருக்கு, உள்ளே வளையம் இறுக்கமா இருக்கு. இதை எதையும் சரி பண்ணாம இம்பிளான்ட்டை மட்டும் வெச்சா, அது கீழே இறங்கி உக்காரும். பழைய மடிப்பு நடுவுல கோடு மாதிரி தெரியும். மார்பகத்துக்குக் கீழே இன்னொரு மார்பகம் இருக்கற மாதிரி ஆயிடும்." டபுள் பபிள் என்று இதற்குப் பெயர். இந்த வகை மார்பகத்தில் இது வரும் வாய்ப்பு கூடுதல், வந்தால் சரிசெய்வதும் லேசில்லை.

என்னைக் கேட்டால், சர்ஜனைத் தேர்ந்தெடுக்க இதுதான் சோதனை. அளவைப் பற்றி மட்டும் பேசுகிறாரா, அடிப்பாகத்தையும் மடிப்பையும் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். வழக்கமாக மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையில் கைதேர்ந்தவராக இருந்தாலும் இது வேறு வேலை. உங்களுடையது போன்ற வடிவத்துக்கு அவர் செய்த சிகிச்சைகளின் முன்-பின் படங்களைக் கேளுங்கள். அதிலும் அறுவை முடிந்து ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தைக் கேளுங்கள். முதல் மாதப் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. "திரும்பவும் சரிசெய்ய வேண்டி வந்தவர்கள் எத்தனை பேர், அதற்கான செலவு யாருடையது?" என்ற கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

எனக்கு முன் வைக்கப்பட்ட வழிகள் சில. இடது பக்கம் மட்டும் செய்துவிட்டு வலதைத் தொடாமல் விடுவது. இரண்டிலும் வெவ்வேறு அளவில் இம்பிளான்ட் வைப்பது. தோல் ரொம்பவும் போதாவிட்டால் முதலில் டிஷ்யூ எக்ஸ்பாண்டர் என்ற பலூனை உள்ளே வைத்து, சில மாதங்களில் உப்புநீர் ஏற்றி ஏற்றித் தோலை விரித்து, பிறகு இம்பிளான்ட் மாற்றுவது. வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து ஏற்றுவது. இதில் உடலுக்கு அந்நியமான பொருள் இல்லை, ஆனால் ஏற்றியதில் கணிசமான பங்கை உடல் உறிஞ்சிவிடும், பெரிய வித்தியாசத்தை ஒரே தடவையில் ஈடுகட்ட முடியாது. நிறையப் பேருக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ கலந்துதான் செய்கிறார்கள்.

நான் எடுத்த முடிவு: இடது பக்கம் கருவளைய ஓரத்தில் வெட்டி, உள்ளே இறுகியிருக்கும் வளையத்தைக் கதிர்கதிராகக் கீறித் தளர்த்தி, மடிப்பை இறக்கி, கீழே ஒரு சிறிய இம்பிளான்ட். வலது பக்கம் இம்பிளான்ட் இல்லாமல், லேசாகத் தூக்கிக் கட்டி, கருவளையத்தைக் கொஞ்சம் குறைப்பது. இரண்டிலும் இம்பிளான்ட் வைத்தால் தொடக்கத்தில் இன்னும் ஒத்துப்போகும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் நன்றாக இருக்கும் ஒரு மார்பகத்துக்குள்ளும் பொருளை வைத்துவிட்டு, ஆயுசுக்கும் இரண்டையும் கண்காணிக்க எனக்கு மனமில்லை. இதற்கு விலை உண்டு. வயதாக ஆக, எடை ஏற இறங்க, வலது பக்கம் தன்போக்கில் தளரும். இடதிலுள்ள இம்பிளான்ட் அப்படியே இருக்கும். இன்று இருக்கும் ஒற்றுமை பத்து வருடத்தில் இருக்காது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

இம்பிளான்ட் வாழ்நாள் முழுக்க வரும் பொருள் இல்லை என்பதை யாராவது மென்று முழுங்கிச் சொன்னால், நீங்கள் அழுத்திக் கேளுங்கள். கிழியலாம். சுற்றியுள்ள திசு இறுகிக் கல்லாகலாம், இதை கேப்சுலர் கான்ட்ராக்சர் என்கிறார்கள். மாற்றவோ எடுக்கவோ இன்னொரு அறுவை சிகிச்சை வரலாம். சிலிக்கான் இம்பிளான்ட் ஓசைப்படாமல் கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் வைத்து 5-6 ஆண்டுகள் ஆனதும் ஒருமுறையும், அதன்பின் 2-3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மேற்பரப்பு சொரசொரப்பான இம்பிளான்ட்டுகளோடு அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று தொடர்புபட்டிருக்கிறது. 2019-ல் அப்படியொரு வகை உலக அளவில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எனக்கு வைத்தது வழவழப்பான வகை. அதன் தயாரிப்பு எண் எழுதிய அட்டையைக் கொடுத்தார்கள், பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த அட்டை இல்லாமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

தாய்ப்பால் விஷயத்தில் நான் நிறையக் கேட்டேன். கருவளையத்தில் வெட்டும்போது பால் குழாய்களும் நரம்புகளும் பாதிக்கப்பட வாய்ப்பிருக்கிறது. மடிப்பில் வெட்டினால் அந்த வாய்ப்பு குறைவு, ஆனால் கருவளையத்தைச் சிறிதாக்க முடியாது. இதில் பலருக்குத் தெரியாதது, ட்யூபரஸ் வகையில் பால் சுரக்கும் சுரப்பித் திசுவே பிறவியில் குறைவாக இருக்கலாம் என்பது. அறுவை சிகிச்சையே செய்யாவிட்டாலும் அந்தப் பக்கம் பால் போதாமல் போகலாம். அறுவை செய்தவர்களில் பால் கொடுத்தவர்களும் உண்டு. பிள்ளை பெறும் எண்ணம் பக்கத்தில் இருந்தால், பெற்று, பால் மறக்கடித்து, சில மாதங்கள் கழித்துச் செய்வது நல்லது என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள், கர்ப்பத்தில் வடிவம் மறுபடி மாறும் என்பதால். இளவயதுப் பெண்களுக்கு வளர்ச்சி முழுதாக நிற்கும்வரை காத்திருக்கச் சொல்வதும் இதே கணக்குதான்.

அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்று நிறுத்தச் சொன்னார்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரை, மூலிகை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரமாவது விட வேண்டும். நிகோட்டின் பேட்ச், சூயிங்கம்மும் கணக்கில் சேரும். நிகோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்கும், கருவளையத் தோலுக்கு ரத்தம் போதாமல் அது கருகிப்போன கதைகள் உண்டு.

அன்று காலை நிற்கவைத்துத்தான் கோடு போட்டார். படுத்தால் மார்பகம் பக்கத்தில் சரிந்து கணக்கெல்லாம் மாறிவிடும். மார்க்கர் பேனா ஜில்லென்று தோலில் ஓட, நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டார், அது எனக்கு நம்பிக்கையாக இருந்தது. முழு மயக்கம் என்பதால் அதற்கப்புறம் சொல்ல ஒன்றுமில்லை.

விழித்ததும் வலியைவிட இறுக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது, இடது பக்கம் மட்டும். அங்கே தசையைத் தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே தேங்கும் ரத்தமும் நீரும் வடிய ஒரு டிரெயின் குழாய். முன்னால் கொக்கி வைத்த சர்ஜிக்கல் பிரா. முதல் ஓரிரு நாட்களில் செவிலியர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, கெட்டியாகி, வலி ஏறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே அழைக்க வேண்டும். உள்ளே ரத்தம் தேங்குவதன் அடையாளம் அது. காய்ச்சல், பரவும் சிவப்பு, தையலில் சீழ் என்றாலும் அதே.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சின்ன விஷயங்கள்தான் படுத்தின. வலி மாத்திரையால் வந்த மலச்சிக்கல். முக்கினால் நெஞ்சு இழுத்தது, மருந்து கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்னால் பட்டன் வைத்த சட்டைகளை எடுத்து, அலமாரியின் இடுப்புயரத் தட்டில் வைத்திருந்தது ரொம்ப உதவியது, ஏனென்றால் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தலைக்கு அக்காதான் குளிப்பாட்டிவிட்டாள், பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு முதல் தடவை. மல்லாந்து மட்டுமே தூக்கம், முதுகுக்குத் தலையணை அடுக்கி. குப்புறப் படுத்துப் பழகியவர்கள் முன்பே பழகிக்கொள்ளுங்கள். கனமான எதையும் தூக்காமல், 6 வாரம் வரை ஓட்டமும் குதியும் இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இது எப்படி முடியும் என்று தெரியவில்லை, ஆள் ஏற்பாடு செய்துகொண்டுதான் தேதியே குறிக்க வேண்டும்.

கட்டு பிரித்து முதலில் பார்த்த அன்று அழுதேன். இடது பக்கம் மேலே ஏறி, மேல்பாகம் உப்பி, கீழ்ப்பாகம் இன்னும் சப்பையாக இருந்தது. காசையும் கொடுத்து உடம்பையும் கெடுத்துக்கொண்டேனோ என்று தோன்றியது. "தசையும் தோலும் இளக இளகத்தான் இறங்கும், 3 மாசத்துக்கு அப்புறம் கண்ணாடி பாருங்க" என்றார் மருத்துவர். சொன்னபடிதான் நடந்தது. ஆனாலும் அந்த வாரங்களில் மனது துவண்டுபோகும். மயக்க மருந்து, தூக்கமின்மை, வீட்டில் முடங்கிக் கிடப்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் படங்களோடு ஒப்பிடுவதைப் போல வேண்டாத வேலை எதுவும் இல்லை.

உணர்ச்சி திரும்புவது தனிக் கதை. முதலில் இடது காம்பு மரத்தே கிடந்தது. பிறகு சுருக் சுருக்கென்று மின்சாரம் பாய்வதுபோல் குத்தும், நரம்பு தழைக்கிறது என்றார்கள். இப்போது முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. சிலருக்குத் திரும்பாமலே போவதும் உண்டு.

தழும்பு இரண்டு மூன்று மாதத்தில் சிவந்து தடித்துப் பயமுறுத்தும், பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக மெல்ல மெல்ல மங்கும். புண் முழுதாக மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் தடவினேன். கருவளைய ஓரத்தில் இருப்பதால் நிறமாற்றத்தோடு கலந்துவிடுகிறது, கிட்டத்தில் பார்த்தால் வெளிறிய கோடு தெரியும். குறைத்த கருவளையம் கொஞ்சம் விரிந்துகொடுத்தது, இது இந்த முறையில் சகஜம். காது குத்திய இடத்தில்கூடத் தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

வீக்கமெல்லாம் வடிந்து நிலைத்த பிறகு, இடது பக்கம் உள்ஓரத்தில் இம்பிளான்ட்டின் விளிம்பு லேசாகத் தெரிந்தது. தொடையிலிருந்து கொழுப்பு எடுத்து அங்கே ஏற்றினார்கள். இது வரலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார், செலவுக் கணக்கிலும் சேர்த்து வைத்திருந்தேன். இந்த வகையில் இரண்டாம் கட்டம் அடிக்கடி தேவைப்படும், ஒரே அறுவையில் முடிந்துவிடும் என்று பட்ஜெட் போடாதீர்கள். ஏற்றிய இடத்தில் தொட்டால் பட்டாணி அளவில் ஒரு உருண்டை தட்டுப்பட்டது, ஸ்கேனில் அது எண்ணெய்க் கட்டி, அதாவது ஏற்றிய கொழுப்பு கரைந்து தேங்கியது என்று தெரிந்தது. கொழுப்பு ஏற்றியவர்களுக்குப் பின்னாளில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியலாம். அதனால் எங்கே ஸ்கேன் எடுக்கப் போனாலும் கொழுப்பு ஏற்றியதையும் இம்பிளான்ட் இருப்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

"இதெல்லாம் அழகுக்குத்தானே?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆமாம், அழகுக்குத்தான் என்று சொல்லிப் பழகிக்கொண்டேன், விவாதம் சீக்கிரம் முடியும். உண்மையில் நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று: உடை மாற்றும்போது அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது. அது கிடைத்திருக்கிறது. கூச்சம், தயக்கம் என்று அதோடு சேர்த்து நான் முடிச்சுப் போட்டிருந்த மற்றவையெல்லாம் தானாக அவிழவில்லை, சிலவற்றுக்கு ஆலோசகரிடம் போய்ப் பேச வேண்டியிருந்தது. கண்ணாடி முன் தினமும் மணிக்கணக்கில் நிற்பவர்கள் அந்தப் பேச்சை அறுவைக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

இன்றைக்கும் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. கையைத் தூக்கினால் இடது பக்கம் தசையோடு சேர்ந்து அசையும், வலது அசையாது. ஒரே சைஸ் பிரா இரண்டு பக்கமும் பொருந்துகிறது. வலது பக்கம் இப்போதே லேசாக இறங்கத் தொடங்கியிருக்கிறது. குழந்தை பெற்ற பிறகு அதைத் தூக்கிக் கட்டுவதா, இடது பக்க இம்பிளான்ட்டையே எடுத்துவிட்டுக் கொழுப்பால் நிரப்புவதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.